மூடித் திறத்தல்

ஆய்வுக்கூடங்களில் ரத்தக் குழாயை மூடுவதற்கு ஒரு சின்னச் சாதனம் உண்டு. சிலிகோனால் ஆன வளையம். முழு வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் வெட்டுவிட்டிருக்கும். ரத்தக் குழாயைச் சுற்றிப் போட்டு, வெட்டின் இரண்டு ஓரங்களையும் நூலால் கட்டிவிடுவார்கள். வளையத்தின் வெளிப்புறம் விறைப்பானது. உட்புறம் மெல்லிய சவ்வு. அதிலிருந்து கிளம்பும் நுண்குழாய் தோலுக்கடியில் ஊர்ந்து இரண்டு தோள்களுக்கும் நடுவே, பிராணியின் வாய் எட்டாத இடத்தில், வெளியே வரும். நுனியில் ஸிரிஞ்சைப் பொருத்தி உப்புநீரைச் செலுத்தினால் சவ்வு உப்பும். வெளிப்புறம் இடம் தராததால் உள்நோக்கித்தான் உப்பியாக வேண்டும். ரத்தக் குழாய் நசுங்கி மூடிக்கொள்கிறது. நீரைத் திரும்ப உறிஞ்சினால் திறந்துகொள்கிறது. காற்றை ஏன் செலுத்துவதில்லை என்றால், காற்று அமுங்கும்; சிலிகோன் வழியே மெல்லக் கசிந்தும் போய்விடும். சிலிகோன் ஏன் என்றால், உடம்பு அதை அவ்வளவாகப் பகைத்துக்கொள்வதில்லை.

இந்த எளிமையில் ஒரு அழகு இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். நம்முடைய எழுத்தில் வன்முறை என்றால் அரிவாள், ரத்தம், கூக்குரல். இங்கே ஒரு சொட்டு ரத்தம் சிந்துவதில்லை. சிந்தாமல் நிற்பதுதான் காரியமே. வன்முறையை அதன் சத்தத்தால் மட்டும் அடையாளம் காணப் பழகிய ஒரு இலக்கியப் பிரக்ஞைக்கு இந்த வளையம் கண்ணில் படாது என்பதே இதைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்குப் போதுமான காரணம்.

வளையம் எதையும் கெடுத்துப் பார்ப்பதற்காக மட்டும் வந்ததல்ல. 1960களில் ஓடும் ரத்தத்தின் அளவை மின்காந்தக் கருவிகளைத் தமனியின் மேல் பொருத்தி அளந்தார்கள். அந்தக் கருவிகளுக்கு ஒரு குறை. நாள்பட அவற்றின் பூஜ்யம் இடம் பெயர்ந்துவிடும். ரத்தம் ஓடாதபோது கருவி என்ன காட்டும் என்று தெரியாவிட்டால் ஓடும்போது காட்டுவதற்கு அர்த்தமில்லை. ஆகவே அவ்வப்போது சில விநாடிகள் ஓட்டத்தை நிறுத்திப் பார்த்துவிட வேண்டும். 1967இல் கூரி, கிரெக் என்ற இருவர் அமெரிக்காவில் எழுதிய கட்டுரை, ஊதிப் பெருக்கும் வளையத்தை இந்தப் பூஜ்யத்தைக் கண்டறியும் உபாயமாகத்தான் முன்வைத்தது. பூஜ்யத்தை நாம்தான் உலகத்துக்குக் கொடுத்தோம் என்று மேடைதோறும் பெருமைப்படுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். இந்தப் பூஜ்யம் காகிதத்தில் போட்ட வட்டமில்லை. உயிருள்ள ஒரு நாயின் இதயத் தமனியில் சில விநாடிகள் இருந்துவிட்டுப் போவது. பின்னால் வந்த கருவிகளுக்கு இப்படிப் பூஜ்யம் தேடும் தேவை குறைந்தது. ஆனால் வளையம் போகவில்லை. அதற்கு வேறு வேலை கிடைத்துவிட்டது: மாரடைப்பை விருப்பப்படி உண்டாக்கி விருப்பப்படி விலக்குவது.

கட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வது பழைய வழிதான். ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று 1628இல் ஹார்வி நிறுவியபோது அவர் எடுத்துக்காட்டியவற்றில் முக்கியமானது மனிதக் கையில் போட்ட கட்டு. இறுக்கிக் கட்டினால் நாடி நிற்கிறது, சற்றுத் தளர்த்தினால் கட்டுக்குக் கீழே நரம்புகள் புடைக்கின்றன. (அவரும் பிராணிகளை உயிரோடு அறுத்தவர்தான். ஆனால் இந்தக் கட்டு மனிதனுக்கு.) 1934இல் கோல்ட்பிளாட் நாயின் சிறுநீரகத் தமனியில் திருகு வைத்த வெள்ளிக் கிடுக்கியை மாட்டி, ரத்தக் கொதிப்பு எங்கிருந்து கிளம்ப முடியும் என்று காட்டினார். பால் புரதத்தால் செய்த வேறொரு வளையம் உண்டு. அது உடம்பின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தமனியை மூடும். மூடியது மூடியதுதான். சிலிகோன் வளையத்தின் விசேஷம், திறக்கும். மூடலாம், திறக்கலாம், நாளைக்கு மறுபடியும் மூடலாம்.

திறக்க முடிகிற தீங்கு தீங்கா? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

நம் தார்மீக உணர்ச்சி திரும்பப் பெற முடியாதவற்றையே பெரிதாக எண்ணப் பழகியிருக்கிறது. கொலை, ஊனம், எரிந்துபோன வீடு. திருப்பித் தந்துவிடக் கூடியதை எடுப்பது கைமாற்று மாதிரி. அதற்குப் பாவம் என்ற சொல்லை யாரும் உபயோகிப்பதில்லை. 1768இல் ரைட் என்ற ஆங்கில ஓவியர் வரைந்த ஒரு படத்தில், கண்ணாடிக் குடுவைக்குள் காற்று குறைந்து ஒரு பறவை சரிகிறது. மேலே குழாயின் திருகில் ஆய்வாளரின் கை. அவர் திருகைத் திறந்துவிடலாம். திறக்காமலும் இருக்கலாம். சுற்றி நிற்பவர்களில் சிலர் பறவையைப் பார்க்கிறார்கள், சிறுமி முகத்தை மூடிக்கொள்கிறாள். ஆய்வாளரோ பறவையைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கிறார். திறக்க முடிகிற கை அப்படித்தான் பார்க்கும். அதற்குப் பதற்றம் கிடையாது. கொல்கிறவனுக்குக்கூட ஒரு நடுக்கம் வரலாம். திறக்க முடிகிறவனுக்கு அந்த நடுக்கம் தேவையில்லை என்பதுதான் வளையம் அவனுக்குத் தந்திருக்கும் சலுகை.

இனி அந்த நாயிடம் வருவோம். ஹார்வி காலத்துப் பிராணி கட்டிப்போடப்பட்டது, அலறியது. மயக்கமருந்து வந்தபின் அலறல் நின்றது. ஆனால் மயக்கத்தில் இருக்கும் இதயம் விழித்திருக்கும் இதயத்தைப் போல நடந்துகொள்வதில்லை. மருந்து ஓட்டத்தை, அழுத்தத்தை, துடிப்பை மாற்றிவிடுகிறது. எனவே மயக்கத்தில் வளையத்தைப் பொருத்தி, காயம் ஆறும் வரை நாள்கணக்கில் காத்திருந்து, பிறகு விழித்திருக்கும் நாயில் சோதனை. அதற்கு நாய் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பயந்தால் இதயம் ஓடும், கணக்கு கெடும். ஆகவே அதற்கு முன்கூட்டியே பழக்கம். தடவிக்கொடுத்து, மேஜைமேல் படுக்கவைத்து, ஆய்வுக்கூடத்தின் சத்தங்களைப் பழக்கி, அந்த மனிதர்களிடம் அச்சம் இல்லாமல் ஆக்கி.

எனக்கு உறைக்கும் இடம் இது. வலி பற்றிய விவாதம் பெரிது, அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே நாயின் நம்பிக்கை கருவியின் ஒரு பாகமாகிவிட்டது. சிலிகோன், உப்புநீர், ஸிரிஞ்சு, நம்பிக்கை. நான்கில் ஒன்று குறைந்தாலும் அளவு சரியாக வராது. ஒரு உயிர் இன்னொரு உயிரிடம் தன்னைக் காத்துக்கொள்வதை விட்டுவிடுகிற அந்த நிலையை உறவு என்கிறோம், சில சமயம் பக்தி என்கிறோம். அதை எடுத்து அளவைமுறையின் ஒரு நிபந்தனையாக ஆக்கியிருக்கிறது. இதில் குரூரம் எதுவும் இல்லை என்பதுதான் சங்கடம். அந்த ஆய்வாளர் நாயை உண்மையிலேயே பிரியமாகத் தடவிக்கொடுத்திருக்கலாம். பிரியமே செய்முறை.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இந்த இடம் சட்டென்று புரியும். எங்கள் ஊர் நாய் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டது. 2005இல் தபால்தலையில்கூட ஏறிவிட்டது. எஜமானைத் தவிர வேறு கை மேலே படுவதை அது எளிதில் பொறுத்துக்கொள்ளாது. வேற்றாள் தடவினால் விறைக்கும். சோதனைக்கூடங்களில் பீகிள் என்ற இனத்துக்குக் கிராக்கி ஏற்பட்டதற்கு அதன் சாதுத்தனம் ஒரு முக்கியமான காரணம். யார் தொட்டாலும் மன்னித்துவிடும் சுபாவம். நற்குணம் ஒன்று ஒரு ஜீவனைச் சோதனைமேஜைக்குத் தகுதியாக்குகிறது. துர்க்குணம் இன்னொன்றைக் காப்பாற்றுகிறது. நல்லவனாக இருப்பது எப்படி என்று பாடம் சொல்லும் நம் நீதி நூல்கள் எதிலும் இந்த விபரீதத்துக்கு இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதற்காக எங்கள் ஊர் நாயை உத்தமமாக்கவும் இல்லை. கலப்பில்லாத வெள்ளைக்காகவே பொறுக்கி வளர்த்த இனம் அது. நிறம் மாறிப் பிறந்த குட்டிகளுக்கு நேர்ந்தது என்ன என்று வளர்ப்பவர்களிடம் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். சோதனைக்கூடம் மட்டும்தான் நாயை உபயோகித்தது என்று சொல்ல நமக்கு யோக்யதை போதாது.

சரி, வளையம் திறந்தது. ரத்தம் திரும்ப ஓடியது. கணக்கு நேராகிவிட்டதா?

இல்லை என்று சொன்னது அதே வளையம்தான். 1975இல் ஹெய்ன்ட்ரிக்ஸ், வாட்னர் முதலியோர் விழித்திருக்கும் நாய்களின் இதயத் தமனியை 5 நிமிஷமும் 15 நிமிஷமும் மூடித் திறந்து பார்த்தார்கள். தமனி திறந்துவிட்டது, ஓட்டம் வந்துவிட்டது, மின்வரைபடமும் சீராகிவிட்டது. ஆனால் அந்த இடத்துச் சதை மணிக்கணக்காகத் தன் வேலைக்குத் திரும்பவில்லை. செத்துவிடவில்லை, உயிரோடுதான் இருந்தது. ஆனால் அடிபட்டுத் திகைத்தவன் மாதிரி நின்றது. 1982இல் பிரான்வால்டும் க்ளோனரும் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் ஸ்தம்பித்த இதயச்சதை என்று சொல்லலாம். திறந்தால் பழையபடி ஆகிவிடும் என்ற அனுமானத்தை மறுப்பதற்கு தார்மீகவாதி எவனும் தேவைப்படவில்லை. சதையே மறுத்தது. இதை விஞ்ஞானத்தின் நேர்மை என்றுதான் சொல்லவேண்டும். தன் சாதனத்தின் நியாயத்தையே உடைக்கும் உண்மையை அந்தச் சாதனத்தைக் கொண்டே கண்டுபிடித்து, அதை மறைக்காமல் அச்சிலும் ஏற்றுகிறது. ஆனால் அச்சேறிய உண்மை அந்த மேஜைக்குத் திரும்பிப் போவதில்லை.

இன்னொன்று. இப்படிப்பட்ட சோதனைகள் பலவற்றில் எவ்வளவு சதை செத்தது, எவ்வளவு பிழைத்தது என்று தெரிய வேண்டும். அதற்கு இதயத்தை வெளியே எடுத்து வில்லை வில்லையாக நறுக்கிப் பார்க்க வேண்டும். சாயத்தில் போட்டால் உயிருள்ள பகுதி செங்கல் நிறமாகும், செத்தது வெளிறியே இருக்கும். தமனி திறந்தது என்பதை உறுதி செய்துகொள்ள நாயைக் கொல்ல வேண்டியிருக்கிறது. மீட்சி தமனிக்குத்தான். நாய்க்கு அந்தச் சொல்லில் பங்கில்லை.

உபயோகத்தை வைத்து நியாயம் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களை அலட்சியமாக ஒதுக்க முடியாது. கோல்ட்பிளாட்டின் கிடுக்கியில் தொடங்கிய பாதையில்தான் சிறுநீரகச் சுரப்புகளைப் பற்றிய அறிவு வளர்ந்தது. ரத்தக் கொதிப்புக்கு இன்று தரும் மாத்திரைகளில் ஒரு முக்கியமான வகை அந்த அறிவுக்குக் கடன்பட்டது. எங்கள் தெருவில் காலையில் அந்த மாத்திரை விழுங்காத வீடு குறைவு. இதயம் கெட்டால் தென்காசி, செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவுக்குப் போகிறோம். அங்கே உருவான செயற்கை வால்வு 1990 டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தப்படுவதற்கு முன் செம்மறிகளின் நெஞ்சில் இருந்துதான் வந்தது. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணி எந்தக் காயத்தில் போய் ஒட்டுகிறது என்று நெய்கிறவர் கேட்க முடியாது. வெளியே நின்று தீர்ப்புச் சொல்ல நமக்கு இடமே இல்லை.

ஆனால் உபயோகம் எப்போது வருகிறது? எப்போதுமே பிறகு. வங்கியில் கடன் கொடுக்கும் முன் ஈடு கேட்கிறோம். வருங்கால லாபத்தை ஈடாக எழுதிக்கொண்டு வருகிறவனை எந்த மேனேஜரும் உட்காரச் சொல்லமாட்டார். இங்கே நாயின் உயிரைக் கடனாக எடுத்துக்கொண்டு, ஈடாக எழுதுவது வரப்போகும் மருத்துவத்தை. சில சமயம் அது வருகிறது. வராமலும் போகிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். 1986இல் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். நாயின் இதயத் தமனியை 5 நிமிஷம் வீதம் நான்கு முறை மூடித் திறந்துவிட்டு, பிறகு 40 நிமிஷம் மூடினால், எடுத்த எடுப்பில் 40 நிமிஷம் மூடியதைவிடச் செத்த சதை நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. சின்ன மரணங்கள் பெரிய மரணத்துக்கு எதிராக இதயத்தைத் தயார்ப்படுத்துகின்றன. கவிஞன் எழுதியிருந்தால் மிகையென்று அடித்திருப்போம். 1993இல் இன்னும் ஒரு படி: இதயத்தின் ஒரு கிளையை மூடித் திறந்தால் இன்னொரு கிளையின் சதைக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. அப்படியானால் நெஞ்சைத் தொடவே வேண்டாம், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மனிதர் கையில் கட்டி 5 நிமிஷம் ஊதி, 5 நிமிஷம் விட்டு, நான்கு முறை செய்தால் போதாதா? பெரிய எதிர்பார்ப்பு. 2015இல் இதய அறுவைக்குப் போன நோயாளிகளிடையே பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும் பலன் தெரியவில்லை. 2019இல் மாரடைப்பு நோயாளிகள் 5,000 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்விலும் தெரியவில்லை. நாளைக்கு வேறு விதமாகத் தெரிந்தாலும் தெரியலாம், விஞ்ஞானம் அப்படித்தான். ஆனால் 1986இன் நாய்களை 2019 என்ன செய்தது? கோல்ட்பிளாட்டின் நாயை மாத்திரை புனிதப்படுத்தியது என்றால் இந்த நாய்களை அந்த ஆய்வு அபவித்ரமாக்கியதா? மேஜைமேல் நடந்தது இரண்டிலும் ஒன்றுதான். உபயோகம் நம்முடைய பேரேட்டில் ஒரு பதிவு. நாயின் பக்கத்தில் எழுத அதனிடம் ஒன்றுமில்லை.

நாயின் தமனியில் இருந்த வளையமும் மனிதர் கையில் கட்டிய பட்டையும் செய்கிற வேலை ஒன்றே. வித்தியாசம் கையெழுத்து. நோயாளி படிவத்தில் கையெழுத்திட்டார். கையெழுத்து என்பது என் தொழிலில் தினமும் கண்ணால் அளக்கிற விஷயம். எழுதத் தெரியாதவர் என்றால் கைநாட்டு, பக்கத்தில் சாட்சி. சம்மதம் உள்ளே எங்கோ இருக்கிறது, வெளியே அதற்கு ஒரு குறி வேண்டும் என்பது ஏற்பாடு. பிராணியிடமும் இப்படி ஒரு குறியைக் கேட்டிருக்கிறோம். எங்கள் திருவண்ணாமலையில் — ஜோதி ஏற்றும் மலையைச் சொல்லவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஜனம் ஏறும் ஸ்ரீனிவாசப் பெருமாள் மலை — மேலே இருக்கும் சாமிக்கு உயிர்ப்பலி கிடையாது. கீழே நாலாபக்கமும் ஊர்களில் இருக்கும் எல்லைச் சாமிகளுக்கு உண்டு. கிடாயை நிறுத்தி மஞ்சள் நீரைத் தெளிப்பார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். துலுக்குவது என்பார்கள். துலுக்கினால் சாமியும் ஏற்றுக்கொண்டது, கிடாயும் சம்மதித்தது. துலுக்கும் வரை வெட்டமாட்டார்கள். மறுபடி தெளிப்பார்கள், காத்திருப்பார்கள், கூட்டத்தில் ஒரு பதற்றம் பரவும், சாமிக்கு என்ன குறை என்று யாரோ கேட்பார்கள். நீர் பட்டால் எந்த ஆடும் உதறும் என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி ஒரு பாவனை. ஆனால் கேட்காமல் வெட்டக்கூடாது என்ற அறிவிலிருந்து பிறந்த பாவனை.

கிராமம் துலுக்கலைச் சம்மதமாக வாசித்தது. ஆய்வுக்கூடத்துக்கு அசையாமை வேண்டும், துலுக்கினால் சோதனை பாழ். பிராணி உடம்பில் தெரியும் ஒரே பதிலை ஒரு இடம் கேட்டு வாங்குகிறது, இன்னொரு இடம் பழக்கி அழிக்கிறது. ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளில் கொன்றோம் என்று எழுதும் வழக்கம் குறைவு. பலியிட்டோம் என்ற பொருள் தரும் சொல்லைத்தான் போடுகிறார்கள். ஏற்கும் சாமி இல்லாத பலி.

1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தில் இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. 14ஆம் பிரிவு, புதிய அறிவுக்காகச் செய்யும் சோதனைகளைச் சட்டவிரோதம் ஆக்காது. 28ஆம் பிரிவு, ஒரு சமூகத்தின் மதம் வேண்டுகிற முறையில் கொல்வதைக் குற்றம் ஆக்காது. வதை கூடாது என்று சொல்ல வந்த சட்டம் அறிவுக்கும் கடவுளுக்கும் விலக்கு வைத்திருப்பது எதேச்சையானதென்று நான் நினைக்கவில்லை. தமிழ்நாட்டில் கோயில் பலியைத் தடுக்க 1950லேயே தனிச் சட்டம் இருந்தது. 2003இல் அதைக் கடுமையாக நிறைவேற்ற முனைந்து, அடுத்த வருஷமே ரத்து செய்தார்கள். ஆய்வுக்கூடத்துக்கு 1998இல் விதிகள் வந்தன, அதன்படி நிறுவனந்தோறும் ஒழுங்குக் குழு. குழு கூடுகிறது, படிவத்தைப் பார்க்கிறது, எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறது, கையெழுத்திடுகிறது. இதனால் எத்தனையோ பிராணிகள் தப்பியிருக்கும், கேலி செய்ய மாட்டேன். ஆனால் நாய்க்காக வேறொருவர் போடும் அந்தக் கையெழுத்தைக் கைநாட்டாக எந்தச் சாட்சியின் முன்னிலையிலும் என்னால் ஏற்க முடியவில்லை.

மகாபாரதத்தின் முடிவில் தருமனோடு போகும் நாயை எல்லோருக்கும் தெரியும். அது தர்மதேவதையாக மாறி நம்மைச் சௌகரியப்படுத்திவிடுகிறது. ஆதிபர்வத்தின் தொடக்கத்தில் இன்னொரு நாய் இருக்கிறது, அது எதுவாகவும் மாறுவதில்லை. குருக்ஷேத்திரத்தில் ஜனமேஜயன் யாகம் செய்கிற இடத்துக்கு ஒரு நாய்க்குட்டி வருகிறது. அவன் தம்பிகள் அதை அடித்துத் துரத்துகிறார்கள். தாய் ஸரமை காரணம் கேட்கிறாள். அவிஸைப் பார்க்கக்கூட இல்லை, நக்கவும் இல்லை என்கிறது குட்டி. அவள் யாகசாலைக்கே போய் அதே கேள்வியைக் கேட்கிறாள். யாரும் பதில் சொல்லவில்லை. காரணமில்லாமல் அடித்ததால் காணாத பயம் ஒன்று உங்களை வந்தடையும் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஜனமேஜயன் அடிபட்ட குட்டியைத் தேடிப் போகவில்லை. சாபத்தைத் தணிக்கத் தகுந்த புரோகிதன் ஒருவனைத் தேடிப் புறப்பட்டான். கிடைத்தான்.

நம் மருத்துவக் கல்லூரிகளில் ஒரு காலத்தில் நாயை மயக்கத்தில் கிடத்தி, கழுத்துத் தமனியைக் கவ்வியால் மூடி, ரத்த அழுத்தம் ஏறுவதைக் கரி பூசிய உருளையில் கோடாக வரைந்து மாணவர்களுக்குக் காட்டினார்கள். பெரும்பாலும் தெருநாய்கள். அது போய்விட்டது. இப்போது திரையில் காட்டுகிறார்கள். புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்பார்ம் என்ற மென்பொருளில் மருந்தைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அமுக்கினால் நாயின் ரத்த அழுத்தக் கோடு ஏறுகிறது, இறங்குகிறது, பழைய இடத்துக்கு வந்து நிற்கிறது. எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். பூஜ்யம் தேட வேண்டியதில்லை, அது அங்கே முதலிலிருந்தே பூஜ்யத்தில் இருக்கிறது. கோடு எவ்வளவு ஏற வேண்டும், எந்த விநாடியில் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் யாரோ எப்போதோ ஒரு நாயிடம் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.